டாக்டர் வேடக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போன கதை

சீரியல்களில் எனக்கு ஒரே வேடம்தான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்து, மாஸ்க்கை இறக்கி, "எங்களால முடிஞ்சதைச் செஞ்சுட்டோம்" என்று சொல்லும் டாக்டர். ஒரு நோயாளியைக்கூடப் பிழைக்கவைக்க எந்த இயக்குநரும் என்னை விட்டதில்லை.

போன மாதம் என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, நெஞ்சுவலி. அம்பத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தார்கள். சாத்துக்குடிப் பையோடு பார்க்கப் போனேன். பக்கத்துக் கட்டிலில் கொரட்டூர் ஆட்டோக்காரர் ஒருவர். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, பதற்றமே இல்லாத குரலில் கேட்டார்.

"இன்னா சார், எனக்கா, அவுருக்கா?"

"ஐயோ, நான் சொந்தக்காரன். பழம் குடுக்க வந்தேன்."

"பரவால்ல, சொல்லு சார். ஊட்ல சொல்லணும்ல."

சிரித்துக்கொண்டே மச்சான் பக்கம் திரும்பினேன். இத்தனை வருடம் என் நடிப்பைக் கிண்டலடித்தவன், கண் கொட்டாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க மாமா" என்றான்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லை" என்றேன். குரல் தானாகத் தாழ்ந்து, சீரியலில் வருவதுபோலவே வந்தது.

"புரியுது சார்" என்றார் ஆட்டோக்காரர். இருவரும் மெல்லத் தலையாட்டினார்கள்.

இருவரும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள் என்பது வேறு விஷயம். என் நடிப்பை யாராவது முழுசாக நம்பமாட்டார்களா என்று ஏங்கியவன் நான். அன்று இரண்டு பேர் நம்பினார்கள். நடிக்காமல் சொன்னதைத்தான் நம்பவில்லை.