நான்கு துண்டு பப்பாளி

பப்பாளிப் பழத்தைக் கோபமில்லாமல் நறுக்க இன்றுவரை எனக்கு வரவில்லை. பழக்கடையில் அதைக் கையில் எடுத்ததுமே என் முகம் மாறிவிடுகிறது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். மாறட்டும். அந்தப் பழம் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று வீடு நிறைந்த பெரியவர்கள் முன்னால் கத்தி, கன்னத்தில் அறை வாங்கியவள் நான். அப்போது எனக்குப் பதினோரு வயது.

சுனாமி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சிதம்பரத்தில் ரயிலடிக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தோம். வீட்டின் முன்பக்கம் அப்பா, அம்மா, நான். பின்பக்கத்து இரண்டு அறைகளில் சித்தப்பாவும் சித்தியும். அப்பா குமராட்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். தினமும் மினிபஸ்ஸில் போய் வருவார். சித்தப்பா கடலூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். சித்தி திட்டக்குடிக்காரி. கல்யாணமாகி மூன்று வருடத்தில் ஒரு தடவை முழுகாமல் இருந்து, இரண்டாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. அதைப் பற்றி யாரும் என் எதிரில் பேசமாட்டார்கள். ஆனால் கடலூர் முதுநகரில் இருந்த அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள், போனில் பேசும்போது அந்தக் குரல் கூடத்துக்கே கேட்கும்.

பப்பாளி மரம் என்னுடையது. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் நான் துப்பிய விதைகளில் நாலு முளைத்தன. பூ விட்டதும் அப்பா என்னை அழைத்துப் போய்க் காட்டினார். நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கினால் ஆண், தண்டோடு ஒட்டிப் பூத்தால் பெண். மூன்று ஆண் மரங்களையும் அவரே பிடுங்கிப் போட்டார். எதிர்வீட்டில் ஓர் ஆண் மரம் நிற்கிறது, அது போதும் என்றார். மிஞ்சிய ஒன்று என் தலைக்கு மேல் போய் இருபது, இருபத்தைந்து காய் பிடித்தது. காயில் மஞ்சள் கோடு ஓடியதும் பறித்து, பால் வடிய ஊக்கால் நாலு கீறல் கீறி, தினத்தாளில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தால் மூன்றாம் நாள் வீடே மணக்கும். கறி எடுக்கிற ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு பச்சைக் காயைத் துருவிக் கறியோடு பிசைந்து வைப்பாள். எவ்வளவு முற்றிய ஆடாக இருந்தாலும் பஞ்சாக வெந்துவிடும். பழத்தோலின் உள்பக்கத்தை நானும் சித்தியும் முகத்தில் தேய்த்துக்கொண்டு, காயும்வரை பேசக்கூடாது என்று பந்தயம் கட்டி உட்கார்ந்திருப்போம். முதலில் சிரித்துத் தோற்பவள் எப்போதும் சித்திதான்.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடக் கண்காட்சியில் எனக்குக் கொடுத்த தலைப்பு பழங்களின் பயன்கள். அப்பா இரண்டு ராத்திரி உட்கார்ந்து சார்ட் எழுதிக் கொடுத்தார். மா, பலா, வாழை, கொய்யா, கடைசியில் பப்பாளி. கண் பார்வைக்கு நல்லது, செரிமானத்துக்கு நல்லது, மலச்சிக்கலைப் போக்கும், எல்லா வயதினரும் உண்ணலாம். நான் மனப்பாடம் செய்து, வந்தவர்களுக்கெல்லாம் குச்சியால் தொட்டுத் தொட்டு ஒப்பித்தேன். இரண்டாம் பரிசாக ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்தது. அப்பா சொன்னால் அது புத்தகத்தில் இருக்கும், புத்தகத்தில் இருந்தால் அது உண்மை. எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

சித்திக்கு மறுபடி நாள் தள்ளிப்போனது. மூன்றாம் மாதம் வந்தும் வாந்தி நிற்கவில்லை. சோறு கொதிக்கிற வாசனைக்கே ஓடுவாள். அத்தை போனில் சட்டம் போட்டாள்: பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, எள் கூடாது. அம்மா அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தாள். பழுத்த பழங்களை அக்கம்பக்கம் கொடுத்துவிடுவாள், எனக்கு மட்டும் ஒன்றை ஒளித்து வைப்பாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் என் பங்குப் பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தேன். சித்தி சுவரைப் பிடித்தபடி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் வயிற்றில் தண்ணீர்கூடத் தங்கவில்லை. தட்டையே பார்த்தாள்.

“ஒரே ஒரு துண்டு குடுடி.”

எனக்கு அத்தையின் சட்டம் ஞாபகம் வந்தது. அப்பாவின் சார்ட்டும் ஞாபகம் வந்தது. எல்லா வயதினரும் உண்ணலாம் என்று சத்தமாகவே ஒப்பித்துவிட்டுத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன். நாலு துண்டு சாப்பிட்டாள். வாந்தி வரவில்லை. “உங்க அம்மாகிட்ட சொல்லிடாத” என்று சொல்லிவிட்டுப் போய், பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள். ஒரு டாக்டரைப்போல எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சித்தி குளியலறையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்ட குரல் சரியில்லை. அப்பா ஆட்டோ பிடித்து வந்தார். ஏறும்போது சித்தி, டியூட்டியில் இருந்த சித்தப்பாவிடம் போனில் அழுதாள்: “பப்பாளி சாப்ட்டுட்டேங்க, நான் பப்பாளி சாப்ட்டுட்டேன்.” அவர் அதை அப்படியே தன் அக்காவுக்குச் சொன்னார். என்னை எதிர்வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். கரு கலைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து சித்தி திரும்பி வந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

அவள் வருவதற்கு முன்பே அத்தை வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சித்தி உள்ளே போய்ப் படுக்கும்வரை பொறுத்திருந்தாள். அதன்பின் கேட்டாள்.

“வயித்துல புள்ளைய வச்சிருக்கறவளுக்குப் பப்பாளி குடுத்தது யாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்தாள். “நான்தான் அண்ணி. வாய்க்கு ஒண்ணுமே புடிக்கலன்னா. அறிவில்லாம குடுத்துட்டேன்.”

“அறிவில்லாமலா? உனக்கு இருக்கறது ஒண்ணு, அதுவும் பொட்டப்புள்ள. அவளுக்கு ஆம்பளப்புள்ள பொறந்துடும்னு வயித்தெரிச்சல். அதான் குடுத்த.”

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

“அம்மா இல்ல, அம்மா கடைக்குப்...” என்றேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. கையைப் பிய்த்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். “சொல்லுங்கப்பா! பப்பாளியால ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லுங்க! நீங்கதான எழுதிக் குடுத்தீங்க! டாக்டருகிட்ட கேக்கச் சொல்லுங்க அவுங்கள!”

அப்பா அறைந்தார். அதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததே இல்லை. காதுக்குள் ரயில் போனது. “பெரியவுங்க பேசும்போது உனக்கு என்ன?” என்றார். அறைந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதைப் பயம் என்று நினைத்தேன். அக்காவுக்குப் பயந்து பெற்ற பெண்ணை அடிக்கிற கோழை என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். பப்பாளி மரத்துக்கு உள்ளே ஒன்றும் கிடையாது. இரண்டு வெட்டில் சரிந்தது. வெட்டிய இடத்திலிருந்து பால் வடிந்துகொண்டே இருந்தது. காய்களைத் தெருவில் கொட்டச் சொன்னாள் அத்தை. மாடுகள் வந்தன. தடுப்பார் என்று நான் அப்பாவையே பார்த்தேன். அவர் உள்ளே போய் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்தார். சார்ட்டை எடுத்து நாலாகக் கிழித்து, அவர் பள்ளிக்கூடப் பைக்குள் திணித்தேன். அவர் பார்த்திருப்பார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான். அதன்பிறகு அவரிடம் தேவைக்கு மேல் பேசுவதை விட்டேன்.

அம்மாவிடம் கேட்டேன், ஏன் பொய் சொன்னாய் என்று. “போய்ப் படி” என்றாள். அவள் மேலும் கோபம் வந்தது. ஆனால் எல்லோரையும்விட சித்தி மேல்தான் ஜாஸ்தி. பக்கத்து அறையில்தானே படுத்திருந்தாள்? எல்லாம் காதில் விழுந்திருக்குமே? எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு வாய் இல்லையா?

அடுத்த தையில் அத்தை மகளுக்கு முதுநகரில் வளைகாப்பு. அம்மா சீர்த்தட்டோடு மணைக்குப் பக்கத்தில் போனாள். அத்தை தட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள். “நீ வளையல் போட வேணாம். பந்திப் பக்கம் போய்ப் பாரு” என்றாள், நாற்பது பேர் எதிரில். அம்மா பின்கட்டில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். கொஞ்ச நேரத்தில் சித்தி எழுந்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் நறுக்க ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் முறத்தில் விழுந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“நீங்க என்னாத்துக்கு இங்க வந்தீங்க சித்தி? உள்ள போங்க. உங்களுக்குத்தான் அங்க இடம் இருக்குதே.”

சித்தி அடுத்த பீன்ஸை எடுத்து நறுக்கினாள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், அவளும் என்னை அறைந்துவிடுவாள் என்று தோன்றியது. சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

சித்திக்கு அதற்குப் பிறகு ஒரு பையன் பிறந்தான். அத்தை சர்க்கரை அள்ளி எல்லார் வாயிலும் போட்டாள். அம்மாவைத் தாண்டிப் போனாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில், மொட்டைமாடியில் சித்தியும் நானும் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தோம். கீழேயிருந்து அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன்.

“உங்க அப்பாவ ஏன்டி இன்னும் மொறைச்சிக்கிட்டே திரியிற?” என்றாள் சித்தி.

“கோழைய வேற எப்படிப் பாக்கணும்?”

கையிலிருந்த புடவையை அவள் கொடியில் போடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்று சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, கரு வளர்வது நின்று மூன்று வாரம் ஆகிவிட்டது என்றாராம். முந்தின நாள் தின்ற பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று படித்துப் படித்துச் சொன்னாராம். கேட்டவர்கள் மூன்று பேர்: சித்தி, அம்மா, அப்பா. சித்தப்பா அப்போது வந்து சேரவில்லை.

“மொத தடவ கலைஞ்சப்பவே உங்க அத்தை சொல்லிட்டாங்க. அடுத்ததும் தங்கலன்னா திட்டக்குடிக்கு அனுப்பிட்டு, தம்பிக்கு வேற பொண்ணு பாக்குறேன்னு. உங்க சித்தப்பா அவுங்க அக்கா பேச்சத் தாண்ட மாட்டாரு. ஆஸ்பத்திரி வராண்டாவுல உங்க அம்மாதான் உங்க அப்பா கையப் புடிச்சிக்கிட்டு, ‘பழத்தாலதான்னே இருக்கட்டுங்க, நான் குடுத்ததாவே இருக்கட்டும்’னாங்க. உங்க அப்பா ஒத்துக்கவே இல்ல. ரொம்ப நேரம் சண்ட போட்டாரு. அப்பறந்தான் சரின்னாரு.”

டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள் என்று கூடத்தில் நின்று கத்தினேனே, அது என் காதில் மறுபடி கேட்டது. அன்று யாராவது என் பேச்சைக் கேட்டு, அத்தையை ஆட்டோவில் ஏற்றி அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப் போயிருந்தால், அந்த வாரமே சித்தி பெட்டியோடு திட்டக்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். உண்மையைச் சொல்லித்தான் நான் அவளை அனுப்பியிருப்பேன்.

கோபம் அத்தோடு தீர்ந்தது என்று சொன்னால் அது பொய். ஒரு பெண்ணின் உடம்புக்கு நேர்ந்ததை அவள் இருக்கிற வீட்டிலேயே சொல்ல முடியாமல், மூன்று பேர் சேர்ந்து ஒரு பழத்தின் மேல் பழி போட வேண்டியிருந்தது. அத்தைக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. வளைகாப்பில் அம்மாவுக்கு மறுத்த இடம் மறுத்ததாகவே இருக்கிறது.

மாடியிலிருந்து இறங்கி நேராக அம்மாவிடம் போனேன். உனக்கு மட்டும் ஏன் அந்தப் பேர், சித்தியே வாயைத் திறந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டாளா, அவள் என்ன சின்னக் குழந்தையா என்று பொரிந்து தள்ளினேன். அம்மா இட்லிக்கு உளுந்து களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“அவளுக்கு அப்ப இருவத்திரெண்டு வயசுடி” என்றாள்.

பதினோரு வயதில் எனக்கு அது மிகப் பெரிய வயதாகத் தெரிந்திருந்தது.