ராத்தாவின் கல்யாணமும் இரண்டு டிஸ்குகளும்

நாட்டில் சண்டை முடிந்த வருடம் எங்கள் வீட்டுக் கம்பியூட்டர் டிக் டிக்கென்று சத்தம் போடத் தொடங்கியது. வேறு எதுவென்றாலும் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பேன். அதற்குள் எனக்கு மூத்தவள், என் ராத்தாவின் கல்யாண வீடியோ இருந்தது. ராத்தாவைக் கடல் கொண்டுபோய் ஐந்தாவது வருடம். ராத்தாவின் முகம் மிஞ்சியிருந்தது அதில் மட்டும்தான்.

கல்யாண அல்பம் இரண்டு போட்டிருந்தோம். ஒன்று உம்மா வீட்டில், மற்றது ராத்தா வீட்டில். உம்மாவின் வளவுக்குள்ளேயே ராத்தாவுக்குச் சீதன வீடு கட்டிக் கொடுத்திருந்தோம். நடுவில் ஒரு வேலிகூட இல்லை. அலை இரண்டு வீட்டையும் சேர்த்தே கொண்டுபோனது. உம்மா அன்று என் வீட்டில் நின்றதால் தப்பினார். பிறகு கத்தாரிலிருந்து ராத்தாவின் மாப்பிள்ளை, மச்சானின் கூட்டாளி ஒருவர் வீடியோவை சீடியில் அனுப்பினார். கம்பியூட்டரில் ஏற்றிய கொஞ்ச நாளில் அந்த சீடியும் கீறல் விழுந்து ஓடாமல் போனது.

கல்முனை பஸாரில் கம்பியூட்டர் கடைக்காரர், "பயப்படாதீங்க டீச்சர். அதே மாதிரி இன்னொரு ஹார்ட் டிஸ்க் போட்டு மிரர் பண்ணுங்க. ஒண்டில எழுதுறது மத்ததிலயும் எழுதும். ஒண்டு போனாலும் மத்தது இரிக்கும்" என்று சொல்லி, செய்யும் முறையை ஒரு தாளில் எழுதித் தந்தார். கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு இது ஒரு வேலையா என்று நானே இறங்கினேன்.

திரையில் இரண்டு வரி. ஒரே பெயர், ஒரே அளவு, இலக்கம் மட்டும் வேறு. எதிலிருந்து எதற்கு என்று கேட்டது. இரண்டாவதில் உள்ளதெல்லாம் அழியும் என்றும் சொன்னது. அதே மாதிரி வாங்கியதன் பலன்! எது பழையது, எது புதியது என்று எந்த முசீபத்துக்குத் தெரியும்? மேலே இருப்பது பழையதா, கீழே இருப்பதா? தாளைப் பார்த்தால், 'சரியானதைத் தெரிவு செய்க' என்றிருந்தது. மனிசன் எழுதுகிற எழுத்தா இது!

"பிழையாத் தட்டினா வெறும் டிஸ்க் ரெண்டு கிடைக்கும் புள்ள" என்றார் பின்னால் நின்ற என் கணவர்.

"உங்கட வாயில நல்ல சொல்லே வராதா?" என்று கத்தினேன். ராத்தாவை நானே என் கையால் அழித்துவிடுவேனோ என்று பயந்தேன்.

கடைசியில் புதியதன் வயரைக் கழற்றிவிட்டு, திரையில் எந்த இலக்கம் மிஞ்சுகிறது என்று பார்த்து உள்ளங்கையில் எழுதினேன். என்னையே நம்பாமல் மூன்று தரம் அப்படிச் செய்தேன். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லித் தட்டினேன். பின்னேரம் அஸர் தொழுது எழும்ப, வேலை முடிந்திருந்தது. வீடியோ ஓடியது. உம்மாவைக் கூப்பிட்டேன்.

"இப்ப ரெண்டு இரிக்கி உம்மா. இனிப் பயமில்ல."

"மத்தது எங்க மகள்?"

"இதுக்குள்ளதான்."

உம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "ரெண்டும் ஒரே வளவுக்குள்ளயா?"

மறுநாள் காலை ஒரு டிஸ்கைக் கழற்றித் துவாயில் சுற்றினேன். கடலுக்குத் தூரமாக, சம்மாந்துறையில் உம்மாவின் தங்கச்சி, என் சாச்சியின் வீடு. பஸ்ஸில் உம்மா அதை மடியில் வைத்திருந்தார். நான் பிடிக்கிறேன் என்று சொல்லியும் தரவில்லை.