ஆடித்தபசுக்கு வந்த பாசி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தூத்துக்குடியில் கடல் நுண்பாசியை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்குப் புறப்பட்டபோது ஆய்வுக்கூடத்தில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பாசிக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். இருந்தது அது ஒன்றுதான். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்பாவோ தை பிறந்தால் கல்யாணம், படிப்பு முடிந்தாலும் முடியாவிட்டாலும் சரி என்று சொல்லிவிட்டார்.

தபசுக்கு எங்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. விருந்தாளிகளைக் கவனிப்பதில் இரண்டு மூன்று நாள் நான் குடுவைப் பக்கமே போகவில்லை. போய்ப் பார்த்தால் ஜன்னலோரம் வைத்த குடுவையைக் காணோம். மொட்டைமாடியில், தறிக்கு நூல் நனைக்கும் தொட்டித் தண்ணீரில், உச்சி வெயிலில் நின்றது. கரும்பச்சையாக இருந்த பாசி வெளிறி மஞ்சளடித்திருந்தது.

“செடின்னா வெயில் வேணும்லாட்டி?” என்றார் அண்ணன் மனைவி. “சீக்கிரம் வளந்தா நீயும் சீக்கிரம் முடிச்சிருவேன்னுதான் வச்சேன். சூடாயிரக் கூடாதேன்னு தண்ணிக்குள்ள எறக்கியிருக்கேன், பாரு.”

“கொன்னுட்டீங்களே மதினி!”

நான் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. மதினி கீழே இறங்கிப் போனார்.

அழுது முடித்தபிறகுதான் புத்தி வேலை செய்தது. குடுவையைப் பழைய ஜன்னலோரத்துக்கே கொண்டுபோனேன். தூத்துக்குடிக்குப் புறப்படுவதைத் தள்ளிப்போட்டேன். நாளுக்கு நாள் பச்சை ஏறியது. செத்திருக்கவே இல்லை! வெயில் கொட்டும்போது, வெளிச்சம் பிடிக்கிற பச்சையம் இவ்வளவு எதற்கென்று குறைத்துக்கொண்டிருக்கிறது. மிஞ்சிய வெளிச்சத்தை வெப்பமாக்கி வெளியே தள்ளியிருக்கிறது. வெளிச்சம் குறைந்ததும், கிடைக்கிற கொஞ்சமும் வீணாகாதபடி பச்சையத்தைக் கூட்டிக்கொண்டுவிட்டது. கண்ணுக்கே தெரியாத ஒற்றைச் செல்லுக்கு என்ன சாமர்த்தியம்! புத்தகத்தில் படித்ததுதான். ஆனாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

குடுவையை அடுப்படிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அன்றிலிருந்து என்னிடம் பேசாத மதினி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னைக் கொலைகாரி ஆக்கிட்டியே. உன்னைவிட இது சூதானமாத்தான் இருந்திருக்கு. தைக்குள்ள முடிஞ்சிருமாட்டி?”

“தெரியல மதினி.”

“சரி, நீ பஸ்ஸுக்குக் கிளம்பு. மாமாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

அப்பா முன்னால் அதுவரை மதினி நிமிர்ந்து நின்றுகூட நான் பார்த்ததில்லை.