கொய்யா மரமும் ஐந்துக்கு ஐந்தும்

பாலர் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் நாள் பூராவும் மூன்று வயதுக்காரர்களின் மூக்கைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் தன்னைத் தலைவி என்று நம்ப வேண்டும். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். இரணியலுக்குப் பக்கத்தில் பதினாறு வருஷமாக நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு நானே மார்க்

போன ஜூனில் எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி. நடத்த வந்த அம்மா ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். ‘துணிந்து முடிவெடுப்பேன்’, ‘உடன் வேலை செய்பவர்கள் புதிதாக ஒன்றை முயன்றால் பக்கபலமாக நிற்பேன்’ என்று வரிசையாக இருபது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று நமக்கு நாமே மார்க் போட வேண்டும். மளமளவென்று ஐந்தாகப் போட்டுக்கொண்டே போனேன். ஓரிடத்தில் மட்டும் அடக்கமாக இருக்கட்டுமே என்று நாலு போட்டு, மனசு கேட்காமல் அதையும் ஐந்தாகத் திருத்தினேன்.

படிவத்தை ஆயா ரோஸ்லி அக்காவிடம் காட்டினேன். பிள்ளைகளின் தட்டைக் கழுவிக்கொண்டே பார்த்தார். “சொந்த பேப்பர சொந்தமா திருத்தினா, பின்ன யாரு டீச்சரே தோத்துப்போவா?”

சிவப்புக் கயிறு

அடுத்த வாரம் ஷீபா டீச்சர் என் அறைக்கு வந்தாள். எல்.கே.ஜி. எடுக்கிறவள், சேர்ந்து ஒரு வருஷம்தான். முற்றத்துக் கொய்யா மரத்தில் பிள்ளைகளை ஏறவிடலாமா என்று கேட்டாள். இடுப்பு உயரக் கொம்பில் சிவப்புக் கயிறு கட்டுவாளாம், அதற்கு மேல் யாரும் போகக் கூடாது, கீழே மணல் கொட்டி அவளே நிற்பாளாம். எங்கள் பள்ளியில் புதிதாக எது செய்தாலும் ஒரு நோட்டில் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டை நீட்டினாள். “ஏறட்டும். நான் சொன்னா போதாதா, கையெழுத்து எதுக்கு?” என்றேன். பெருந்தன்மை என்று அவள் நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் நாளே மஸ்கட்டிலிருந்து போன். எங்கள் பள்ளிக் கேமராவை வெளிநாட்டு அப்பாக்கள் போனிலேயே பார்க்கலாம். அந்த வசதி இல்லையென்றால் எங்கள் பக்கம் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள். பேசியது எல்.கே.ஜி. ஜெபினின் அப்பா. “டீச்சர், எனக்க பிள்ள மரத்துல நிக்கு. நான் இங்க கிடந்து எப்பிடி பிடிக்க?”

இரண்டு தையல்

மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை அதே ஜெபின் வழுக்கினான். ஷீபா கையைப் பிடித்துவிட்டாள், ஆனாலும் நாடி, முகவாய்க்கட்டைதான், கொம்பில் இடித்து இரண்டு தையல். அவன் அம்மா வந்து யார் ஏறவிட்டது என்று கேட்டாள். “ஷீபா டீச்சர்தான்” என்றேன். பக்கத்தில் நின்ற ஷீபா ஜெபினின் பையை எடுத்து அவன் அம்மாவிடம் கொடுத்தாள். அன்றைக்கே பள்ளிக் கமிட்டிச் செயலாளர் போன் செய்து, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்றார். சரி என்றேன். அவள் சம்பளத்தை நம்பித்தான் அவள் வீடு என்று தெரிந்தேதான் சொன்னேன். சாயங்காலம் கயிற்றையும் நானே அவிழ்த்தேன்.

மறுநாள் நாடியில் பிளாஸ்திரியோடு வந்த ஜெபின் நேரே மரத்தடிக்குப் போனான். கயிற்றைக் காணாமல் என்னிடம் வந்தான். “கயிற ஏன் டீச்சர் அவுத்திய? விழுந்தது நானில்லா, கயிறா விழுந்துச்சு?”

கமிட்டி

வெள்ளிக்கிழமை ஐந்து பேர், நடுவில் ஒரு தட்டு நேந்திரங்காய் சிப்ஸ். செயலாளர் நோட்டைப் புரட்டி, மரம் ஏற அனுமதியே இல்லையே என்றார். ஷீபா என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “அனுமதி கேட்டா. நான்தான் வாயால சொல்லிட்டு கையெழுத்து போடல. நிறுத்தணும்னா என்னய நிறுத்துங்க” என்றேன். செயலாளர் சிப்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார். கடைசியில் எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை, ஷீபா தொடரலாம் என்று முடித்தார்கள்.

வெளியே வந்ததும் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், மறைப்பானேன். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை விரித்தபடி சொன்னாள்: “நீங்க சொன்னது நல்லது டீச்சர். புதன்கிழமையே சொல்லியிருந்தா எனக்க அம்ம ரெண்டு நாளு அழுதிருக்க மாட்டா.”

மரத்தில் ஏறிய பிள்ளைகள் எல்லாம் ஒரு நிமிஷத்தில் இறங்கிவிடுகிறார்கள், ஹெட்மிஸ்ட்ரஸ் இறங்கி வரத்தான் புதன் முதல் வெள்ளி வரை ஆகிறது.