சினை ஆட்டுக்குப் போட்ட ஊசி

1. சேதராப்பட்டில் வெள்ளாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் சினையைக் கலைக்கும் கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசி முகாம் நடந்தது.
2. சினை ஆடுகளைத் திருப்பி அனுப்புவது என் வேலை.
3. ஓர் அக்காவின் கறுப்பு ஆட்டைத் திருப்பி அனுப்பினேன்.
4. அதே ஆட்டுக்கு அதே காலையில் ஊசி போடப்பட்டது.
5. சில வாரங்களில் அது நாளாகும் முன்பே குட்டியை வீசியது. செத்த குட்டியை அக்கா வெறுங்கையால் இழுத்துப் போட்டார்.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் இருப்பது என் பங்கு.

அப்போதுதான் கால்நடை மருத்துவம் முடித்திருந்தேன். அந்தத் தடுப்பூசியில் இருப்பது வலுக்குறைத்த உயிருள்ள கிருமி. சினை ஆட்டுக்குப் போட்டால், எந்த நோயைத் தடுக்கிறோமோ அதைப் போலவே ஊசியும் கருவைக் கலைத்துவிடக்கூடும். வீசிய குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி இருக்கும். தொட்டவருக்கும் தொற்றலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் முகாம் தொடங்கும்முன் மூத்த மருத்துவர் சொல்லியிருந்தார்: "காரணத்தலாம் சொல்லிக்கினு இருக்காத. ஊசியால குட்டி போவும்னு ஒருத்தர் காதுல வுழுந்தா, ஒரு ஆடு நிக்காது." எனக்கும் அது சரியாகவே பட்டது.

அக்கா அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். முகாமுக்காக லீவு போட்டு வந்திருந்தார். ஆடு சினை என்று அவரே பெருமையாகச் சொன்னார்.

"அப்ப இதுக்கு வேணாங்க்கா. குட்டி போட்டப்பறம் பாத்துக்கலாம்."

"இன்னாம்மா இது? சினைன்னா மொதல்ல போடணும். புள்ளத்தாச்சிக்கு நர்சம்மா ஊட்டுக்கே வந்து ஊசி போடல?"

பின்னால் நின்ற ஒருத்தி, "வுடுக்கா, டாக்டரம்மாவுக்கு இன்னும் கல்யாணம் ஆவல. அதான் தெரியல" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த ஆட்டைப் பார்த்தேன்.

அக்கா கயிற்றைத் தன் நாத்தனாரிடம் கொடுத்திருக்கிறார். நாத்தனார் பக்கத்து வரிசையில் தன் ஆடுகளோடு அதையும் நிறுத்தி, சினை இல்லை என்று சொல்லியிருக்கிறார். மூன்று மாதச் சினை, வயிறு தெரியவில்லை.

குட்டி வீசிய பிறகு ஆடுகளைப் பார்க்க நான் மறுபடி போனபோதுதான் அக்கா எல்லாவற்றையும் சொன்னார்.

"குட்டிய எடுக்கறப்ப கைக்கு ஏதாவது போட்டுக்கிட்டீங்களாக்கா?"

"எதுக்கு? நம்ம ஆடுதான."

அன்றே என் ஸ்கூட்டரில் அவரை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இந்தத் தடுப்பூசிக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பதை டாக்டரிடம் எழுதிக் கொடுத்தேன். ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். திரும்பும் வழியில் பின்னாலிருந்து அக்கா கேட்டார்:

"ஒன்ன ஏமாத்திட்டேம்மா. அதான் எனக்கு இப்டி ஆச்சு. ஒன் வேலைக்கு ஒண்ணும் வராதே?"

"வராதுக்கா" என்றேன்.

அக்காவுக்குக் காய்ச்சல் வரவில்லை. இரண்டாம் ரத்தப் பரிசோதனையிலும் தொற்று இல்லை. இப்போது முகாம்களில் காரணத்தை முதலிலேயே உரக்கச் சொல்கிறேன். சிலர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். தன் பொய்தான் குட்டியைக் கொன்றது என்று அக்கா இன்னும் நம்புகிறார். காரணம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை என்பதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.