செருப்பு ஆமை

எங்கள் கடற்கரைக்குச் சென்னையிலிருந்து இரண்டு சிற்பிகள் வந்து இறங்கியபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அலை ஒதுக்கிய பழைய செருப்புகளைக் கம்பிக்கூட்டில் கட்டி, ஆள் உயரத்துக்கு ஓர் ஆமை செய்யப் போகிறார்களாம். யாரும் கேட்காமலே நான் உதவிச் சிற்பியாகிவிட்டேன். ஆர்வக்கோளாறில் என் புதுச் செருப்பையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் முதுகு வீங்க வாங்கிக்கொண்டு, வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போன கலைஞன் நான்.

ஆமையின் முதுகை மூடச் செருப்பு பற்றவில்லை. வீடு வீடாகக் கேட்டு அலைந்தேன். பக்கத்து வீடான அத்தை வீட்டில் மட்டும் கேட்கவில்லை. எனக்கும் அவ்வளவு அறிவு இருந்தது.

அந்த வாசலில் மாமாவின் நீல வார் செருப்பு எப்போதும் கிடக்கும். எங்கள் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுத்தான் வள்ளம் ஏறுவார்கள். மாமா போன வள்ளம் திரும்பவே இல்லை. உடலும் ஒதுங்கவில்லை. கரையில் கிடந்த செருப்பை அத்தை எடுத்து வந்து வாசலில் போட்டு, தினமும் மண் தட்டி வைப்பாள். காரியம் செய்துவிடலாம் என்று அப்பா வாயெடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

அத்தையே கூப்பிட்டாள்.

“ஏலே ஆமைக்காரா, எங்கிட்ட மட்டும் கேக்க மாட்டியோ?”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தாள். சிற்பி அதைப் புரட்டிப் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்குக்கா? வீட்ல யாராவது போடலாமே.”

“போடுததுக்கு ஆளு இல்ல தம்பி.”

ஆமை கடலைப் பார்த்து நின்றது. கழுத்துக்குப் பக்கத்தில் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொன்னாள். கம்பி முறுக்கி முடியும்வரை நின்றாள். திரும்பி வந்தவள் வீட்டுக்குள் நுழையாமல், சுற்றிக்கொண்டு புறவாசலுக்குப் போய், சேலையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். குடம் குடமாக. அப்பா வந்து பார்த்தார். சட்டையைக் கழற்றிவிட்டு அவரும் ஊற்றிக்கொண்டார்.

நான் சும்மா இருப்பேனா?

“பழைய செருப்பத் தொட்டதுக்கா அத்த இந்தக் குளிப்பு? நான் நாலு சாக்குச் செருப்பு தூக்கியிருக்கேன், கைகூடக் கழுவல.”

தண்ணீர் ஒழுக ஒழுக அத்தை சிரித்தாள்.

“அப்போ நீயும் வாலே” என்று என் தலையிலும் ஒரு செம்பு கவிழ்த்தாள்.

எங்கள் வீட்டில் அன்று ஒரு சாவு என்பது எனக்குத் தெரியாது. நாளைக்கு யார் வீட்டில் செருப்பு கேட்கலாம் என்று யோசித்துக்கொண்டே தலையைத் துவட்டினேன்.