மெகரக்கா கழற்றிக் காட்டிய மிஷின்

போன வெள்ளிக்கிழமை காலை சாணார்பட்டியில் பேருந்துக்கு நின்றிருந்தபோது மெகரக்காவின் கணவர் அப்பாஸ் பாயிடமிருந்து அழைப்பு வந்தது. “மெகரு மௌத்தாயிட்டாம்மா. சுபுஹு தொழுதுட்டு, நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தா. அம்புட்டுத்தான். ஜும்மாவுக்கு அப்புறம் அடக்கம்” என்றார். நாகல் நகரில் அவர்கள் வீட்டு வாசலில் இறங்கியபோதுதான், தைத்து முடித்து அக்காவிடம் காட்ட எடுத்துவைத்திருந்த ஜாக்கெட் இருந்த பை என் கையில் இருப்பதைக் கவனித்தேன்.

மெகருன்னிசாவை உங்களில் பலர் தோல்பை தைக்கும் மெகராகத்தான் அறிவீர்கள். அவர் வீட்டுக் கூடத்தில் பதினான்கு பழைய தையல் மிஷின்கள் இருந்ததும், அத்தனையும் ஓடுகிற நிலையில் இருந்ததும் தையல்காரர்களான எங்களுக்குத் தெரியும். நான் அவரை முதலில் சந்தித்தது பழைய இரும்புக் கடையில். ஒரே மிஷின் மீது இருவரும் கை வைத்தோம். அவர் சக்கரத்தை மெல்லச் சுற்றி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, “நீயே எடுத்துக்க. பெயிண்ட் மட்டும் அடிச்சுராத, பூ வேலையெல்லாம் போயிரும்” என்றார். கண்ணாடிக்குள் வைத்து அழகு பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. “ஓடலைன்னா அது வெறும் இரும்பு. எடத்தத்தான் அடைக்கும்” என்பார். புது மிஷினில் ஊசி உடைகிற தடித்த தோலை, தாத்தா காலத்து மிஷினில் காகிதம் போலத் தைத்துக்கொண்டு போவார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மதியம் நடந்ததைச் சொல்ல வேண்டும். சிறுமலையில் வாழைத் தோட்டம் வைத்திருக்கும் சின்னச்சாமி, தன் தாயார் வைத்திருந்த மிஷினை, துருப்பிடித்து இறுகிப்போனதென்று சொல்லி, தானாகவே அக்காவிடம் கொடுத்திருந்தார். பதிலுக்கு அக்கா அவருடைய மகளுக்குக் கல்லூரிக்குக் கொண்டுபோக ஒரு தோல்பை தைத்துக் கொடுத்தார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒவ்வொரு திருகாகத் தளர்த்தி, நான்கு மாதம் கழித்து அதை ஓட வைத்தார்.

அந்த மதியம் அப்பாஸ் பாய் தோல் வாங்க வாணியம்பாடி போயிருந்தார். வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. சின்னச்சாமி, அவருடைய மச்சினன், வெள்ளைச் சட்டை போட்ட இன்னொருவர் என மூன்று பேர் உள்ளே வந்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு செல்போனை எடுத்து மிஷினின் ஊசிக்குப் பக்கத்தில் பிடித்தார். அவர்கள் நம்பி வந்த கதை இதுதான்: பழைய மிஷின்களுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கும், வெளிநாட்டில் அதற்குக் கோடிக்கணக்கில் விலை, அது இருந்தால் போனில் டவர் போய்விடும்.

டவர் போகவில்லை.

“எடுத்துட்டாங்க” என்றார் அவர், சின்னச்சாமியைப் பார்த்து.

“அக்கா, உள்ள இருந்தத யாருக்கு வித்தீங்க?” என்று கேட்டார் சின்னச்சாமி.

“உள்ள என்ன அப்பு இருந்துச்சு? துருவும் எண்ணெய்ப் பிசுக்கும்.”

மச்சினன் மேசையிலிருந்த சுத்தியலை எடுத்தான். “உடைச்சுப் பாத்துருவோம் மாமா.”

அக்கா எழுந்து மிஷினுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார். “உடைக்க வேணாம். நான் கழட்டிக் காட்டுறேன். ஒளிச்சு வைக்க இதுல எடம் எங்க இருக்குன்னு நீங்களே காட்டுங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சரசு, கதவத் தொற. தெருவே பாக்கட்டும்.”

கதவருகே வெள்ளைச் சட்டைக்காரர் நின்றிருந்தார். அவரைத் தாண்டிக் கை நீட்டித் தாழ்ப்பாளை எடுத்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை, நகரவும் இல்லை.

அக்கா தரையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தார். முகத்தகடு, ஊசிக் கம்பி, சக்கரம் என்று ஒவ்வொன்றையும் கழற்றிப் பெயர் சொல்லி வரிசையாக வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் சேர்ந்துவிட்டார்கள். அடித்தகட்டைத் திறந்ததும் மச்சினன் குனிந்து, “அந்தா செவப்பு” என்றான். சுத்தியல் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. அக்கா அந்தச் சிவப்பை விரலால் கிள்ளி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். “கம்பளித் துணி. எண்ணெய் ஊறி நிக்கிறதுக்கு நான்தான் வெட்டி வச்சேன். மோந்து பாரு.”

அவன் முகர்ந்து பார்த்தான். அந்த நேரத்தில் வெள்ளைச் சட்டைக்காரர், போன் வருகிறது என்று சொல்லி வெளியே போனார். எந்த போனும் அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை.

சின்னச்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்தார். “டெஸ்ட் பண்ணச் செலவாகும்னு அந்தாளு எம்மக நகைய முன்னாடியே வாங்கிக்கிட்டான்க்கா.”

“அப்ப இங்க ஏன் உக்காந்திருக்க? ஓடு” என்றார் அக்கா.

மச்சினன் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினான். தெரு ஆட்களும் பின்னால் ஓடினார்கள். ஆட்டோ நிறுத்தத்தில் அந்த ஆளைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அவரிடம் ஒரு ஜோடி தோடுதான் இருந்தது; மற்ற நகைகள் ஏற்கெனவே கைமாறிவிட்டன. மறுநாள் சின்னச்சாமியோடு காவல் நிலையத்துக்குப் போய், நடந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்தவர் மெகரக்கா. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “உங்களையே திருடின்னு சொன்னவருக்கா?” என்று கேட்டேன். “அவன் சொல்லலடி, அந்தாளு சொல்ல வச்சான். அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் பேசிருக்காங்க” என்றார். அதற்குப் பிறகும் நகை கிடைக்கவில்லை. கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போய் நடந்தது. மிஷினை எடுத்துப்போகச் சொன்னபோது சின்னச்சாமி மறுத்துவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை அடக்கத்துக்கு அவர் சிறுமலையிலிருந்து வந்திருந்தார். உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது முன்னால் போய்த் தோள் கொடுத்தார்.

வந்தவர்கள் எல்லோரும் அக்காவின் தைரியத்தைப் பற்றிப் பேசினார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் மிஷினைக் கழற்றிக் காட்டிய அன்று எல்லோரும் போன பிறகு நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்கா மிஷினைத் திரும்பப் பூட்டிவிட்டு, ஓட்டிப் பார்க்க ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தார். நான்கு முறை முயன்றும் நூல் ஊசிக் காதில் ஏறவில்லை. “நீ கோத்துக் கொடு சரசு. கை நிக்க மாட்டேங்குது. சுத்தியலத் தூக்குனான்ல, அப்பவே எனக்கு உசுரு போயிருச்சு.”

“அம்புட்டுப் பயத்தோடயாக்கா ஒக்காந்து கழட்டுனீங்க?”

“எனக்கு வேற என்னடி பண்ணத் தெரியும்?”

அடக்கம் முடிந்த பிறகு, அக்காவின் மிஷின்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி அப்பாஸ் பாய் சொன்னார். எல்லாம் ஒரே கூடத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த நடுங்கிய கையும், அந்தப் பதிலும் என்னோடு இருக்கின்றன.